நார்த்தூளா, உமிக்கரியா, கரும்புச் சோகையா?

போன ஆடியில் கத்தரி நட்டேன். தேங்காய் மட்டையிலிருந்து நார் உரிக்கும் மில்லிலிருந்து டிராக்டரில் வந்த நார்த்தூளைப் பாத்திகளில் கொட்டிக் கொத்திவிட்டு நட்டது. பதினைந்தாம் நாளே அடியிலை வெளிற ஆரம்பித்தது. மாதம் முடிவதற்குள் செடி முழுக்க எலுமிச்சை நிறம். தூள் பத்தாமல் விட்டுப்போன ஒரே ஒரு பாத்தி மட்டும் கருகருவென்று நின்றது.

தப்பு தூளின் மேல் இல்லை, மக்கவைக்காமல் பச்சையாகப் போட்ட என் மேல். நார்த்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 112 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். தூளில் கிடைக்காததை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடி பட்டினி. வைக்கோலில் இந்த விகிதம் 80:1 அளவில் இருக்கும், கரும்புச் சோகையில் (காய்ந்த கரும்பிலை) 100-ஐத் தாண்டும். ஆக, இப்படிக் கரிமம் மிகுந்த பயிர்க்கழிவு எதையும் மக்கவைக்காமல் மண்ணுக்குள் புதைத்தால் இதே கதைதான்.

நார்த்தூளை மக்கவைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை பழையது, எளிது. 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து. நிழலில் ஒரு அடுக்கு தூள், மேலே வித்து, அடுத்த அடுக்கு, அதன் மேல் யூரியா என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஈரம் காயாமல் 60 நாள் பார்த்துக்கொண்டால் விகிதம் 24:1-க்கு இறங்கிவிடும். அப்புறம் அது வேறு பொருள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணமும் போகாது. நாற்றங்காலுக்கும் மாடித்தோட்டத் தொட்டிக்கும் இதை அடிக்க ஆளில்லை. கடையில் 5 கிலோ கட்டியாக வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உப்பு. கடலோரக் கழிமுகத் தண்ணீரில் ஊறிய மட்டையின் தூள் என்றால் விதை முளைப்பதே சந்தேகம். இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்த பிறகே தொட்டிக்குப் போக வேண்டும்.

உமிக்கரி விஷயம் வேறு. காற்று அதிகம் படாமல் கருக்கிய உமி லேசில் மக்காது. அதனால் தழைச்சத்தைத் திருடவும் செய்யாது. வருஷக்கணக்கில் மண்ணில் கிடந்து இறுக்கத்தைத் தளர்த்தும். மன்னார்குடிப் பக்கம் என் தங்கை வீட்டுக் கொல்லை முழுக்கக் களிமண். மழை பெய்தால் பிசின், வெயிலடித்தால் பாளம். அங்கே கீரைப்பாத்திக்கு உமிக்கரி போட்டபின் விரலாலேயே களை பிடுங்க வருகிறது. ஆனால் ரைஸ் மில் பாய்லரிலிருந்து வரும் வெள்ளைச் சாம்பலையும் இதையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். சாம்பலில் கரி எரிந்துபோய்ப் பெரும்பாலும் சிலிக்காதான் மிச்சம். இரண்டுமே காரத்தன்மை உள்ளவை. எங்கள் உடுமலைப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணுக்கு, கார அமில நிலை ஏற்கெனவே 8-ஐத் தாண்டியிருக்கும் இடத்தில், இதைக் கொட்டுவது வேண்டாத வேலை. மண் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோகைக்கு என் தோட்டத்தில் வேலை ஒன்றே ஒன்று: மூடாக்கு. கொத்திப் புதைப்பதில்லை, தக்காளி வரிசைக்கு நடுவே கையகல உயரத்துக்குப் பரப்பிவிடுவேன். மேலே கிடப்பதால் மண்ணைத் தொடும் அடிப்பக்கம் மட்டுமே மெதுவாக மக்கும். வேருக்குப் பட்டினி வராது. மூன்று நாளைக்கு ஒரு தரம் விட்ட தண்ணீரை இப்போது ஐந்து நாளைக்கு ஒரு தரம் விடுகிறேன். கரும்புக்காரர்கள் எப்படியும் நெருப்பு வைக்கப்போகிறார்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள். அள்ளும் கூலிதான் செலவு. முழுக்கைச் சட்டை போடாமல் அள்ளினால் இரவெல்லாம் கை எரியும். செம்மண்ணில் கரையான் ஏறும், அதையும் சொல்லிவிடுகிறேன். கடலைத்தோலும் இதே மாதிரி மூடாக்குக்கு ஆகும், காற்றில் பறக்காமல் நனைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றைத்தான் எடு என்றால், காய்கறிக்கு என் ஓட்டு மக்கிய நார்த்தூளுக்கு. களிமண்காரர்கள் தங்கையைக் கேளுங்கள். இந்த வருஷக் கத்தரிக்கான குவியல் வேப்பமரத்தடியில் இருக்கிறது. நாற்பது நாள் ஆகிறது. நேற்று ஒரு கை அள்ளிப் பார்த்தேன்: மேலே கறுத்து மண் வாசம் வந்துவிட்டது, நடுவில் இன்னும் செம்பட்டை. நடவைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.