புதிய இணையதளத்துக்கு எந்த எஸ்எஸ்எல் சான்றிதழ்: விலையைப் பார்ப்பதா, புதுப்பித்தலைப் பார்ப்பதா?

மார்த்தாண்டத்தில் தேனும் கிராம்பும் நல்லமிளகும் விற்கும் ஒரு கடைக்கு இணையதளம் அமைக்கும் வேலை இப்போது என் கையில் இருக்கிறது. தளத்தின் முகவரிப் பெயரான டொமைன் வாங்கியாயிற்று, தளத்தை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங்குக்கும் பணம் கட்டும் கட்டம் வந்துவிட்டது. அந்தக் கடைசிப் பக்கத்தில் எஸ்எஸ்எல் சான்றிதழ் என்ற தலைப்பின் கீழ் நான்கு வகைகளும் நான்கு விலைகளும் வரிசையாக நின்றன. கடையை நடத்தும் அக்கா திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இலவசமாக் கெடைக்கது கொள்ளாமா மக்களே, இல்ல காசு குடுத்து வாங்கினாத்தான் பூட்டு விழுமா?" என்று கேட்டார். புதிதாக இணையதளம் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் வரும் கேள்வி அது என்பதால், அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சான்றிதழுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வாடிக்கையாளரின் உலாவிக்கும் நம் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் எவரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி குறியாக்கம் செய்ய உதவுவது ஒன்று. முகவரிப் பட்டியில் உள்ள டொமைனுக்கு உரிய சர்வரோடுதான் பேசுகிறோம் என்று உலாவிக்கு உறுதி சொல்வது மற்றொன்று. எஸ்எஸ்எல் என்பது 1990களில் நெட்ஸ்கேப் நிறுவனம் உருவாக்கிய நெறிமுறையின் பெயர். அதன் கடைசிப் பதிப்பு 1996இல் வந்து, 2015இல் பயன்படுத்தக் கூடாது என்று விலக்கப்பட்டது. இன்று உண்மையில் நடப்பது அதன் இடத்துக்கு வந்த டிஎல்எஸ் நெறிமுறை, அதன் 1.3 பதிப்பு 2018இல் வெளியானது. விற்பவர்களும் வாங்குபவர்களும் பழைய பெயரையே சொல்வதால் நானும் அதையே சொல்கிறேன்.

விலை கூடினால் குறியாக்கம் வலுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. குறியாக்கத்தின் வலிமை சர்வரின் அமைப்பையும் டிஎல்எஸ் பதிப்பையும் சாவியின் வகையையும் பொறுத்தது. இலவசச் சான்றிதழிலும் அதே 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியையோ, அளவில் சிறிய ஈசிடிஎஸ்ஏ சாவியையோ வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அவருடைய தேன் புட்டியையே எடுத்துக் காட்டினேன்: மூடியின் இறுக்கம் எல்லாப் புட்டிக்கும் ஒன்றுதான், மேலே ஒட்டும் லேபிளில் கடையின் பெயரும் முகவரியும் எவ்வளவு சரிபார்க்கப்பட்டு அச்சாகின்றன என்பதில்தான் வேறுபாடு.

அந்த லேபிள் வேறுபாட்டைத்தான் விற்பவர்கள் டி.வி. (டொமைன் சரிபார்ப்பு), ஓ.வி. (நிறுவனச் சரிபார்ப்பு), இ.வி. (விரிவான சரிபார்ப்பு) என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவதில் டொமைன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டாவதில் நிறுவனம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, அதன் பெயரும் முகவரியும் அரசுப் பதிவுகளோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பார்கள். மூன்றாவதில் அந்தச் சரிபார்ப்பு இன்னும் கடுமையாகும். காத்திருப்பும் விலையும் கூடும்.

மூன்றாவது வகையை வாங்கியதற்கு ஒரு காலத்தில் கண்ணில் படும் பலன் இருந்தது. முகவரிப் பட்டியில் நிறுவனத்தின் பெயர் பச்சை எழுத்தில் தெரியும். 2019இல் குரோம் 77ஆம் பதிப்பும் பயர்பாக்ஸ் 70ஆம் பதிப்பும் அதை எடுத்துவிட்டன. 2023இல் குரோம் பூட்டுச் சின்னத்தையே நீக்கி வேறு சின்னம் வைத்தது. ஆகவே இன்று அதிக விலை கொடுத்து வாங்கினாலும், தேன் வாங்க வருபவர் முகவரிப் பட்டியின் சின்னத்தைத் தட்டி இரண்டு மூன்று படி உள்ளே போய்ப் பார்த்தால்தான் கடையின் பெயர் தெரியும். அப்படிப் பார்க்கும் வாடிக்கையாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை. டெண்டர் விதியிலோ, பெரிய நிறுவனத்தின் கொள்முதல் விதியிலோ நிறுவனச் சரிபார்ப்புச் சான்றிதழ் வேண்டும் என்று எழுதியிருந்தால் வாங்கத்தான் வேண்டும். அப்படி எதுவும் இல்லாத கடைக்கும் விடுதிக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் அது தேவையில்லை என்பதே என் முடிவு.

எனவே உண்மையான போட்டி டொமைன் சரிபார்ப்புச் சான்றிதழ்களுக்குள்தான் நடக்கிறது. அதில் மூன்று வழிகள் உள்ளன: லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவசச் சான்றிதழ், விலைக்கு வாங்கும் சான்றிதழ், கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச்சேவை தரும் சான்றிதழ்.

லெட்ஸ் என்கிரிப்ட் ஐஎஸ்ஆர்ஜி என்ற இலாப நோக்கற்ற அமைப்பால் நடத்தப்படுகிறது. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 90 நாட்களுக்குச் செல்லும் சான்றிதழை மனிதக் கை படாமல் ஒரு நிரல் கேட்டு வாங்கிப் பொருத்தி, காலம் முடியும் முன்பே புதுப்பிப்பதுதான் அதன் அடிப்படை ஏற்பாடு. அந்த உரையாடலுக்கான நெறிமுறையின் பெயர் அக்மி. சர்வர் உங்கள் கையில் இருந்தால் செர்ட்பாட் போன்ற நிரலை நிறுவிக்கொள்ளலாம். ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்காக இருந்தால், அதை நிர்வகிக்கும் சிபேனலில் உள்ள ஆட்டோஎஸ்எஸ்எல் போன்ற வசதி இதே வேலையைச் செய்கிறது.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஆள் இல்லை. காலாவதி நெருங்கும்போது அனுப்பிவந்த நினைவூட்டல் மின்னஞ்சலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தைய கைப்பேசிகளில், நம்பிக்கைக்கு அடிப்படையாகக் கருவியிலேயே இருக்க வேண்டிய இதன் மூலச் சான்றிதழ் இல்லாததால் குரோம் எச்சரிக்கை காட்டலாம். பழைய கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் இதை யோசிக்கத்தான் வேண்டும். இன்னொன்று, புதுப்பித்தல் தானாக நடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே அது நின்றுபோகலாம். நான் நேரில் பார்த்த ஒரு சர்வரில், பாதுகாப்புக்காக என்று யாரோ, குறியாக்கம் இல்லாத இணையக் கோரிக்கைகள் வரும் வாசலான 80ஆம் போர்ட்டை அடைத்துவிட்டார்கள். அங்கே அமைத்திருந்த முறையில் லெட்ஸ் என்கிரிப்ட் அந்த வழியாக வந்துதான் சரிபார்ப்புக் கோப்பைப் படிக்கும். தளம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சர்வரின் பதிவேட்டைத் (லாக்) திறந்தால் நாளுக்கு இரண்டு முறை முயன்று தோற்ற வரிகள் மூன்று வாரத்துக்கு நீண்டு கிடந்தன. இன்னும் ஒன்பது நாட்கள் மிச்சமிருந்ததால் தப்பித்தோம்.

விலைக்கு வாங்கும் டொமைன் சரிபார்ப்புச் சான்றிதழ் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை போகிறது. உதவிக்கு ஆள் கிடைப்பதும் சில பழைய கருவிகளில் எச்சரிக்கை இல்லாமல் திறப்பதும் அதன் நன்மைகள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் இழப்பீட்டுத் தொகையை நம்பி வாங்க வேண்டாம். சான்றிதழ் வழங்கியவர் தவறாக வழங்கியதால் வரும் இழப்புக்குத்தான் அது, உங்கள் தளத்தை யாரோ உடைத்துவிட்டால் அதற்கல்ல. பெரிய பெயர் என்பதும் நிரந்தர உத்தரவாதம் அல்ல. சைமன்டெக்கின் பழைய சான்றிதழ்களை 2018இல் உலாவிகள் ஏற்க மறுத்தன. என்ட்ரஸ்ட் தானே வழங்கிய புதிய சான்றிதழ்களை 2024 நவம்பரிலிருந்து குரோம் ஏற்க மறுத்தது.

இதைவிட முக்கியமானது, வாங்கியதைப் புதுப்பிப்பது யார் என்ற கேள்வி. கன்னியாகுமரியில் நண்பர் ஒருவரின் தங்கும் விடுதித் தளத்துக்கு ஓராண்டுச் சான்றிதழ் வாங்கிப் போட்டிருந்தார்கள். கார்த்திகை பிறந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் வந்து குவியும் காலம். அறைக்கு முன்பதிவு செய்ய வருபவர்கள் அடையாள அட்டையின் படத்தை அந்தத் தளத்தில்தான் ஏற்றுவார்கள். ஜனவரியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் நண்பர் அழைத்து, "எண்ணே, சைட்டைத் தொறந்தா செவப்பா வருது, போவாதேன்னு சொல்லுது" என்றார். சான்றிதழ் முந்தைய நாளே காலாவதியாகியிருந்தது. நினைவூட்டல் மின்னஞ்சல் நான்கு முறை வந்திருந்தது. ஆனால் நான்கும் தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு. கணக்கின் கடவுச்சொல்லும் அவரிடமே. ஹோஸ்டிங் கணக்கை மட்டும் நண்பர் வைத்திருந்ததால் இலவசச் சான்றிதழைப் பொருத்தித் தளத்தை மீட்டோம். அதற்குள் இரண்டு இரவுகளின் முன்பதிவு போயிருந்தது.

ஆண்டுக்கு ஒரு முறை என்ற வசதியே இனி இல்லை என்பதையும் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த சிஏ-பிரவுசர் மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 398 நாட்களாக இருந்த உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்று படிப்படியாகக் குறைகிறது. காசு கொடுத்தாலும் இந்தக் கணக்குத்தான். ஆகவே மூன்றாண்டுச் சான்றிதழ் என்று யாராவது விற்றால், அது மூன்று ஆண்டுக்கான சந்தா மட்டுமே. இடையிடையே புதிய சான்றிதழை எடுத்துப் பொருத்தும் வேலை உங்களுடையது. ஒவ்வொரு காலாவதித் தேதியும் பயமுறுத்திக்கொண்டு வந்து நிற்காமல் இருக்க வேண்டும் என்றால், விலைக்கு வாங்கும் சான்றிதழும் அக்மி வழியாகத் தானே புதுப்பித்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சில நிறுவனங்கள் அந்த வசதியைத் தருகின்றன.

கிளவுட்ஃபிளேர் வழி இவற்றிலிருந்து வேறானது. டொமைனைத் தேடி வருபவர்களுக்கு எந்தச் சர்வருக்குப் போவது என்று வழிசொல்லும் நேம்சர்வரை அவர்களிடம் மாற்றிவிட்டால், வருபவர்கள் முதலில் அவர்களுடைய சர்வரைத் தொட்டுத்தான் நம் சர்வருக்கு வருவார்கள். முன்வாசலுக்கான சான்றிதழை அவர்களே இலவசமாகத் தந்து புதுப்பிப்பார்கள். எளிது, வேகமும் கூடும். ஆனால் பலர் ஃபிளெக்ஸிபிள் என்ற அமைப்பில் விட்டுவிடுகிறார்கள். அதில் வாடிக்கையாளரிடமிருந்து கிளவுட்ஃபிளேர் வரைக்கும்தான் குறியாக்கம். அங்கிருந்து நம் சர்வர் வரை எல்லாம் திறந்த கடிதமாகப் போகும், உலாவியோ எல்லாம் சரி என்றே காட்டும். அடையாள அட்டைப் படம் ஏற்றும் தளத்துக்கு அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பைத் தேர்ந்து, நம் சர்வரிலும் ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அதற்கென்றே 15 ஆண்டு வரை செல்லும் ஆரிஜின் சான்றிதழை அவர்கள் தருகிறார்கள். அது கிளவுட்ஃபிளேருக்கும் நம் சர்வருக்கும் இடையில் மட்டுமே செல்லும். நேரடியாக வரும் உலாவி அதை நம்பாது.

கடை, வலைப்பதிவு, முன்பதிவு என்று பல துணை டொமைன்கள் வைக்க நினைப்பவர்களுக்கு, அவை எல்லாவற்றையும் ஒரே சான்றிதழில் மூடும் வைல்ட்கார்டு சான்றிதழ் உண்டு. அது ஒரு அடுக்கை மட்டுமே மூடும்; துணை டொமைனுக்குக் கீழே இன்னொன்று வைத்தால் அதை மூடாது. லெட்ஸ் என்கிரிப்ட் 2018 முதல் அதை இலவசமாகத் தருகிறது என்றாலும், சரிபார்ப்புக்கு டொமைனின் முகவரி விவரங்கள் இருக்கும் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும். டொமைன் விற்றவர் அதை நிரல் வழியாகச் சேர்க்க இடம் தராவிட்டால் ஒவ்வொரு முறையும் கையால் சேர்க்க நேரும். இரண்டு மூன்று பெயர்கள் மட்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே சான்றிதழில் பட்டியலிட்டுக் கேட்பதே நல்லது.

எந்தச் சான்றிதழும் விற்பவர் நேர்மையானவர் என்று சொல்வதில்லை; மோசடித் தளங்களும் இதே இலவசச் சான்றிதழோடுதான் வருகின்றன. அக்காவின் கடைமேல் வரும் நம்பிக்கை, தொடர்பு எண்ணையும் கடை முகவரியையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் முதல் பக்கத்திலேயே போடுவதால் வர வேண்டியது.

ஆகவே மார்த்தாண்டம் கடைக்கு ஹோஸ்டிங்கோடு வரும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழையே தேர்ந்தோம். கட்டணப் பக்கத்திலிருந்த மற்ற மூன்று வரிகளின் டிக்கையும் எடுத்துவிட்டோம். டொமைன் கணக்கும் ஹோஸ்டிங் கணக்கும் என் மின்னஞ்சலில் இல்லாமல் கடையின் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சான்றிதழின் நாட்களை வெளியிலிருந்து பார்த்து 14 நாட்களுக்குக் கீழே போனால் கடைக்கும் எனக்கும் செய்தி அனுப்பும் ஒரு கண்காணிப்புச் சேவையையும் இணைத்தேன். தளம் ஏறியதும் அக்கா தன் கைப்பேசியில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் திறந்து பார்த்தார். சேர்த்தபோது எச்சரிக்கை வந்தது. அந்தப் பெயரைச் சான்றிதழில் சேர்க்க நான் மறந்திருந்தேன். சேர்த்துப் புதிதாக எடுத்த பிறகு இரண்டு முகவரியும் திறந்தன, முதல் ஆர்டர் அன்று மாலையே தக்கலையிலிருந்து வந்தது.