துக்கத்துக்கு 36 செஷன்: ஒன்றரை வருடம் போய் வந்த அனுபவம்

2023 மார்ச்சில் மனைவி போனாள். மாரடைப்பு, ஆஸ்பத்திரியில் மூன்றே நாள். அந்த ஜூலையிலேயே வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள், அப்புறம் நானும் டிவியும். ஓய்வுக்குப் பிறகும் காலை ஒன்பதரைக்குச் சட்டையை இன் செய்துகொண்டு வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

மகள் நச்சரித்துத்தான் முதலில் ஒரு கவுன்சிலரிடம் போனேன். காகிதத்தில் ஐந்து கட்டம் வரைந்து, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று எழுதி, "இதுல எங்க இருக்கீங்க?" என்றார். காலம் ஆற்றும், யோகா செய்யுங்கள் என்றும் சொன்னார். இதைச் சொல்ல என் சித்தப்பாவே போதும், காசும் வாங்க மாட்டார். இரண்டு செஷனோடு நின்றுவிட்டேன்.

நவம்பரில் வேறொருவரைத் தேடினேன். இந்த முறை எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி படித்தவரா, ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு உண்டா என்று பார்த்துக்கொண்டேன். என் மகள் வயதுதான் இருக்கும். கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அந்த ஐந்து நிலைகளைச் சொன்னது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசிய பிறகு என்றும், அது ஏறிப்போக வேண்டிய படிக்கட்டு இல்லை என்றும் அவர் சொன்னபோதுதான், பரீட்சையில் தோற்ற உணர்வு போனது. ஆறு மாதம் தாண்டியும் துக்கம் ஆளை முடக்கிப்போட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் அதற்கு 'நீடித்த துக்கம்' என்று தனிப் பெயரே இருக்கிறதாம். தூக்கம் அறவே கெட்டிருந்ததால் மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

உண்மையான வேலை ஐந்தாவது செஷனில் ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசி நாளை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். அதை போனில் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கொடுமை என்றுதான் நினைத்தேன். நான் கீழே கேன்டீனுக்குப் போயிருந்த பத்து நிமிடத்தில் அவள் உயிர் போனது. எட்டு மாதமாக அந்தப் பத்து நிமிடத்தை யாரிடமும் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டாவது வாரம் கேட்டுக்கொண்டிருந்தபோது என் குரலிலேயே ஒரு வரி காதில் விழுந்தது: "போய் சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொல்றா." நானேதான் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதுவரை கேட்கவே இல்லை. அன்று அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது.

அழுவதற்கு மட்டும் அனுப்பவில்லை. ஒவ்வொரு வாரமும் துக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையும் உண்டு. மின்கட்டணத்தை ஆன்லைனில் கட்டுவது, ரசம் வைப்பது, பழைய சகாக்களோடு காலை நடை. துக்கத்துக்குள் கொஞ்சம், வாழ்க்கைக்குள் கொஞ்சம் என்று போய் வந்துகொண்டிருப்பதுதான் இயல்பு என்றார். ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் வைத்த கருத்து அது. வேலை போன ஏக்கத்தையும் ஒரு இழவாகவே எடுத்துக்கொண்டு நாலு செஷன் பேசினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

செலவு: முதலில் வாரம் ஒன்றாக 16, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 12, கடைசியில் மாதம் ஒன்றாக 8. தலா 1,200 ரூபாய், மொத்தம் 43,200. மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் என் பாலிசியில் வெளிநோயாளிச் செலவே கிடையாது, அதனால் முழுதும் கைக்காசு. பென்ஷன்காரனுக்கு இது சின்னத் தொகை இல்லை. மழை நாளில் வீடியோ செஷன் வைத்தால் அழும் நேரம் பார்த்து நெட் நிற்கும். 2024 தீபாவளிக்கு முதல் நாள் இரவு தாங்க முடியாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், காசில்லை. அந்த இரவுக்கு அது போதுமாக இருந்தது.

துக்கம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. அவள் பிறந்த நாளன்று இன்றும் சாப்பாடு இறங்காது. ஆனால் மறுநாள் காலை நடைக்குப் போய்விடுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் கடைசி செஷன் வரை மறைத்திருந்தேன். அவள் போன் நம்பருக்கு 84 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். "நிறுத்திடணுமா மேடம்?" என்றேன்.

"இப்ப போட்டது எப்ப முடியுது சார்?"

"ஆகஸ்ட்ல."

"அப்ப ஆகஸ்ட்ல யோசிக்கலாமே."

ஆகஸ்டில் மறுபடி போட்டேன்.