இருவருக்கும் ஒரே சீட்: மாற்று இருக்கை குறித்த மதிப்பீடு

பைக்கோடு வந்த சீட்டில் ஒரு மணி நேரப் பயணத்திலேயே இடுப்பெலும்பு வலிக்கத் தொடங்கியதால் மாற்று சீட் ஒன்றைப் பொருத்தி, ஓட்டுபவராக நானும் பின்னால் அமர்பவராக என் மனைவியும் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும் ஃபோம்தான் சுகமானது என்று நானும் முன்பு நம்பியிருந்தேன். ஆனால் அத்தகைய ஃபோம் உடல் எடையில் அடிவரை நசுங்கி, கீழிருக்கும் பிளாஸ்டிக் தட்டின் கடினத்தை நேராக எலும்புக்குக் கடத்திவிடுகிறது. இந்த சீட் முதலில் விறைப்பாகவே இருந்தது; பழகிய பின், அகன்ற பின்பகுதி எடையைப் பரவலாகத் தாங்குவது தெளிவாகத் தெரிந்தது. முன்பக்கச் சரிவு குறைவாக இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது டேங்கை நோக்கி வழுக்குவதும் நின்றது.

பின்னிருக்கை குறித்து எனக்கு அவ்வளவு நிறைவில்லை. அகலம் போதுமானதே, ஆனால் உயரம் கூடியதால் என் மனைவி முன்பைவிட அதிகமாகக் காற்றை எதிர்கொள்கிறார், ஏறும்போது காலையும் கூடுதலாகத் தூக்க வேண்டியிருக்கிறது. ஜெல் பதித்த பகுதி வெயிலில் நின்ற வண்டியில் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. நடுத்தையல் வழியே மழைநீர் ஃபோமுக்குள் இறங்கியதையும் குறிப்பிட வேண்டும்: வெளியே உலர்ந்து தெரிந்த உறையில் அமர்ந்ததும் உடை நனைந்தது. வாங்குவோர் தையலின் உட்புறம் ஒட்டுப்பட்டை உள்ளதா என்பதையும், சீட் பூட்டு ஆட்டமின்றிப் பொருந்துகிறதா என்பதையும், அமர்ந்த நிலையில் இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னால் அமர்பவரையும் உட்காரவைத்துச் சோதித்த பிறகே பணம் செலுத்துங்கள்.