கிளாஸ் குரூப்பில் வந்த இன்டர்ன்ஷிப் லிங்க், போனது 3,499 ரூபாய்

கடுப்பில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் வாங்கிய கம்பெனிக்காரர்கள் இன்று காலையில்தான் என்னை அவர்கள் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. ஆன்லைனில் கோர்ஸையும் இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து விற்கிற கம்பெனிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்று.

எங்கள் மூன்றாம் ஆண்டு வாட்ஸ்அப் குரூப்பில் இன்டர்னல் மார்க், ஹால் டிக்கெட், ரெக்கார்ட் நோட் தவிர வேறு பேச்சே வராது. அதில் ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர் லிங்க் போட்டார். வெளியாள் போட்டிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். லேப் ரெக்கார்டு கொடுத்து உதவியவர். "போன வருஷம் நானே பண்ணேன்டா, பயப்படாம கட்டு" என்று தனியாகவும் சொன்னார். கிளவுட் கம்ப்யூட்டிங், நேரலை வகுப்பு, நிஜ புராஜெக்ட், முடிவில் சர்டிபிகேட். 499 கட்டி சீட்டைப் பிடிக்க வேண்டும், மீதி 3,000 அன்று இரவு 12 மணிக்குள். கியூஆரை ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க அக்கவுண்ட்ஸ் மேடம்தான்" என்று உடனே பதில். அண்ணனும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் எமோஜி போட்டார். ஆக 3,499.

வந்தது பழைய வீடியோக்கள். ஒன்றின் மூலையில் யாருடைய சேனல் முத்திரையையோ மறைக்க ஒட்டிய கறுப்புப் பட்டை! நேரலை வகுப்பு எப்போது என்று நாலு பேர் கேட்டதும், அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று கம்பெனி குரூப்பைப் பூட்டிவிட்டார்கள். போன் செய்தால் "டிக்கெட் போடுங்க". புகாரை டிக்கெட்டாகப் போட்டால் "மென்டார் பேசுவார்". மென்டாரைப் பிடித்தால் "ரீஃபண்ட் எங்க டீம் இல்ல, சேல்ஸைக் கேளுங்க". சேல்ஸ்காரன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அப்புறம்தான் தெரிந்தது, அண்ணன் அவர்களுக்கு கேம்பஸ் அம்பாசிடராம், சேர்த்துவிடும் ஒவ்வொரு ஆளுக்கும் கமிஷனாம். "கம்பெனிக்கும் உனக்கும் நடுவுல நான் எதுக்குடா?" என்கிறார். பயப்படாமல் கட்டச் சொன்ன அதே வாய்!

பரீட்சை ஃபீஸுக்கு எடுத்துவைத்திருந்த 3,499 ரூபாய் அது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஐஐடி பேராசிரியர் நடத்தும் கிளவுட் கம்ப்யூட்டிங் கோர்ஸ், ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் இலவசமாகவே கிடைக்கிறது. சர்டிபிகேட் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போட்டுக் காத்திருப்பதால் சுருக்கமாக: யுபிஐயில் தனி ஆள் பெயர் வந்தால் கட்டாதீர்கள். சாட்டை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் அழித்துவிடுகிறார்கள். லிங்க் போடும் சீனியரிடம் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று குரூப்பிலேயே கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, அங்கேயும் புகார் கொடுக்கலாம்.

நேற்று இரண்டாம் ஆண்டு குரூப்பிலும் அதே லிங்க் வந்திருக்கிறதாம். தம்பி, தங்கச்சிகளே, கட்டிவிடாதீர்கள்.