அம்பாசடருக்கு அகலச் சக்கரம்: ஏழு வருடப் புலம்பல்

திருப்பூரில் இருக்கும் நண்பன் போன வாரம் 1992 மாடல் அம்பாசடர் ஒன்றை வாங்கிவிட்டு இரவு பதினோரு மணிக்குப் போட்டோ அனுப்பினான். கூடவே ஒரு வரி: "மாப்ளே, உன் வண்டி மாதிரியே பண்ணணும், என்னென்ன போட்டேன்னு லிஸ்ட் அனுப்பு." லிஸ்ட் அனுப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் மனசு வரவில்லை. அதற்கு முந்தின நாள்தான் ஸ்டீயரிங் வேலைக்காக நான்காவது தடவையாகப் பட்டறையில் வண்டியை விட்டு, 6,400 ரூபாய் கட்டி எடுத்து வந்திருந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என்னுடையது 1994 மாடல், இசுசு 1800 பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர். 2018-இல் வாங்கினேன். இன்ஜினில் கை வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்ற ஞானம் எல்லாம் கிடையாது, வைக்க ஆசைதான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. வேறு கம்பெனி இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்க இருந்தவன் அன்றோடு அடங்கினேன். இன்று நினைத்தால் அந்தத் தீர்ப்புதான் என் பர்ஸைக் காப்பாற்றியது. மிச்சப்பட்ட பணம் எல்லாம் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் போனது வேறு கதை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். பிரேக். இதில் ஒரு குறை சொல்ல முடியாது. வாங்கின புதிதில் நாலு சக்கரமும் டிரம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுவதற்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பதினைந்தாவது வளைவுக்குள் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும், மிதித்தால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது கியரிலேயே உருட்டி, நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, டிரம் ஆறும்வரை குரங்குகளுக்கு வேடிக்கைப் பொருளாக நின்றிருக்கிறோம். பிற்கால 1800 வண்டிகளில் வந்த முன்பக்க டிஸ்க் செட்டைச் சென்னைப் புதுப்பேட்டையில் பிடித்து, மிதியை லேசாக்கும் பூஸ்டரும் மாட்டினோம். வேலைக்கூலியோடு 38,000 ஆனது. முதல் வாரம் ஒரு சொதப்பல். வலது முன்சக்கரம் தீய்ந்த வாடை அடித்தது, ரிம்மைத் தொட்டால் கை சுட்டது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் டிரம் பிரேக்குக்காகக் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஒரு வால்வு உண்டு. டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்குக்கோ, காலை எடுத்த பிறகும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். வால்வை எடுத்ததும் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் ஏழு வருடத்தில் பேட் மாற்றியதைத் தவிர அந்தப் பக்கம் போகவே இல்லை. வால்பாறையிலிருந்து இறங்கும்போது இப்போது பாட்டுக் கேட்கிறேன்.

கேஸ் ஷாக் அப்சார்பரும் அப்படித்தான், பணம் கொடுத்த அளவுக்கு வேலை செய்கிறது. வேகத்தடையைத் தாண்டினபின் முன்பு மூன்று தடவை தொட்டில் ஆடும், இப்போது ஒரு தடவையோடு நிற்கிறது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, ஸ்டீயரிங்குக்கு வருவோம்.

இது ஒரே நாளில் வந்த வியாதி கிடையாது. அலாய் வீலில் ஆரம்பித்தது. வண்டி கொஞ்சம் தரையோடு படிந்து, அகலக் காலில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அம்பாசடரின் பக்கவாட்டு உருவத்துக்கு அது பொருந்தும் என்று இன்றும் சாதிப்பேன். முன்பக்கம் ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரைக் கழற்றிப் பல் மாற்றிப் பூட்டி ஒன்றரை அங்குலம் இறக்கினோம். பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் கழற்றினோம். 205 மில்லிமீட்டர் அகல டயரோடு அலாய் போட்டோம். பட்டறை வாசலில் இறக்கி நிறுத்தியதும் டீக்கடையில் இருந்த நாலு பேர் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை.

மறுநாள் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பார்க்கிங் போடும்போதுதான் விஷயம் புரிந்தது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டியிருந்தது. டயர் அகலமானால் தரையில் பிடிக்கும் பரப்பும் கூடும் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, அந்த அலாய் சக்கரத்தைப் பழைய இடத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங் பின்னின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் கூடினால், ஒவ்வொரு குழியும் நீளமான நெம்புகோலால் ஸ்டீயரிங்கை அடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு சின்னக் குழிக்குக் கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. கிங் பின்னுக்கும் சுமை கூடி, இரண்டு வருடம் தாங்க வேண்டிய புஷ் எட்டு மாதத்தில் தேய்ந்தது.

அப்போதே சக்கரத்தைக் கழற்றியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. "ஏனுங்க, பவர் ஸ்டீயரிங் ஒன்னு போட்டுட்டா தீர்ந்துச்சுங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதை.

உக்கடத்துப் பழைய சாமான் கடை ஒன்றில், அடிபட்ட சின்னக் கார் ஒன்றின் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் தண்டு கிடைத்தது. வெட்டி, ஒட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டியாகிவிட்டது. பொருளும் கூலியுமாக 22,000. ஒற்றை விரலால் திருப்பலாம். முதல் இரண்டு நாள் சும்மாவே காந்திபுரம் போய் யு-டர்ன் போட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் பொள்ளாச்சி ரோட்டில் எண்பதைத் தொட்டபோது வயிற்றைக் கலக்கியது. அதே ஒற்றை விரல் லேசு அங்கேயும். தும்மினால் லேன் மாறும்.

காரணம் எளிது. அந்தப் பெட்டி அதன் சொந்தக் காரில் இருந்தபோது, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். வேகம் கூடக்கூட அது தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும். என் அம்பாசடரில் ஸ்பீடோமீட்டருக்குப் போவது வெறும் சுழலும் கேபிள், மின் சிக்னல் கிடையாது. யாரும் எதுவும் சொல்லாததால் அந்தப் பெட்டி பாதுகாப்பு நிலைக்குப் போய், பார்க்கிங்கிலும் ஹைவேயிலும் ஒரே அளவு தள்ளிக்கொண்டிருந்தது. இதற்கு மருந்து, பொய்யாக ஒரு வேகச் சிக்னல் கொடுக்கும் குட்டிச் சர்க்யூட். அதற்கு ஒரு குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் லேசு, மறு பக்கம் திருப்பினால் கனம். டேஷ்போர்டுக்கு அடியில் அது தொங்குகிறது. என் மகள் அதற்கு வைத்த பெயர் ஃபேன் ரெகுலேட்டர்.

ஊருக்குள் இரண்டில், ஹைவேயில் ஐந்தில். சொல்வதற்கு எளிது. சூலூரிலிருந்து திரும்பி வந்து சிங்காநல்லூர் சிக்னலில் வளைக்கும்போது ரெகுலேட்டர் ஐந்திலேயே இருக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், நான் ஒரு கையால் குனிந்து குமிழைத் தேடிக்கொண்டிருப்பேன். என் மனைவி பக்கத்தில் இருந்தால் இப்போது அவளே குனிந்து திருப்பிவிடுகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த மௌனம் பஸ் ஹாரனைவிடச் சத்தம்.

இதோடு போயிருந்தால் பழகியிருப்பேன். பாலத்து இணைப்பு ஒன்றைத் தாண்டினால் வண்டி தானாக வலது பக்கம் ஒரு எட்டு வைக்கும். நேர் ரோடு, ஸ்டீயரிங் அசையவில்லை, ஆனால் வண்டி அசைகிறது. மூன்று தடவை அலைன்மென்ட் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அம்பாசடர் என்ற பெயரே இல்லை என்றான் ஒரு பையன். இன்னொருவன் ஏதோ ஒரு காரின் அளவை எடுத்துப் போட்டு "பக்காவா இருக்கு சார்" என்றான். நிற்கும்போது பக்காதான். சக்கரம் மேலும் கீழும் போகும்போதுதான் வில்லங்கம். ஸ்டீயரிங் ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடும், சக்கரத்தைத் தாங்கும் கையும் ஒரே மாதிரி வளைந்து ஏறி இறங்க வேண்டும். கம்பெனி வைத்த உயரத்துக்கு அந்தக் கணக்குப் போடப்பட்டிருந்தது. நான் ஒன்றரை அங்குலம் இறக்கியதும் டை ராட் சாய்ந்துவிட்டது. சக்கரம் ஏறும்போதெல்லாம் டை ராட் அதை ஒரு பக்கம் இழுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம். போன வாரம் நான்காவது தடவை பட்டறைக்குப் போனது இதற்குத்தான். ராக் உட்காரும் இடத்தில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து உயரத்தைச் சரிக்கட்டினார்கள். முக்கால்வாசி குறைந்திருக்கிறது. மீதிக் கால்வாசியோடு வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் வயிறு எரியும். பழைய செவ்ரோலெட் சி10 டிரக்குக்கோ மஸ்டாங்குக்கோ முன்பக்கம் மொத்தமும் ஒரே செட்டாகக் கிடைக்கிறது. கை, நக்கிள், ராக், ஸ்பிரிங், எல்லாம் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டுச் செய்தவை. 1974 மாடலாக வந்த மஸ்டாங் இரண்டாம் தலைமுறையின் முன்சஸ்பென்ஷன் அமைப்பைத்தான் பல பத்தாண்டுகளாக பழைய கார்களை மாற்றி ஹாட் ராட் கட்டுபவர்கள் அப்படியே எடுத்து வைக்கிறார்கள். இறக்க வேண்டும் என்றால் மொத்தமாக இறங்கும், கணக்குக் கெடாது. என் வண்டியில் பிரேக் புதுப்பேட்டை, ஸ்டீயரிங் உக்கடம், டயர் அவிநாசி ரோடு. அவை மூன்றும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டதே என் வண்டியில்தான்.

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த உண்மையான விஷயம். 2024-இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆய்வாளரிடம் வாக்குவாதம் வேண்டாம் என்று, மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய இரும்பு ரிம்களை, ஒல்லி டயரோடு இறக்கி மாட்டினேன். பவர் ஸ்டீயரிங்கின் ஃபியூஸையும் பிடுங்கி வைத்தேன். காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தேன். தெருமுனையில் இடது பக்கம் வளைத்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாகச் சுழன்று, நேராக வந்து நின்றது. வருடக்கணக்கில் மறந்துபோன ஒன்று. கனம் இருந்தது, ஆனால் நியாயமான கனம். வண்டி உருள ஆரம்பித்ததும் குறைந்துவிட்டது. ரோட்டில் சிதறிக்கிடந்த ஜல்லி, தார் மாறும் இடம், எல்லாம் விரலில் தெரிந்தது. பாலத்து இணைப்பில் அந்த எட்டுகூடச் சின்னதாகிவிட்டது. ஆய்வு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வராமல் பேரூர்வரை போய், கோயில் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். டிஸ்க் பிரேக், கேஸ் ஷாக், பழைய சக்கரம். வண்டி இவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை.

அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். மூன்று நாள் விட்டேன். தினமும் பால்கனியிலிருந்து பார்ப்பேன். பெரிய மீசைக்காரர் ஒருவர் மீசையை மழித்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நாலாம் நாள் அலாய் ஏறிவிட்டது, ஃபியூஸும் ஏறிவிட்டது.

நண்பனுக்கு நேற்று போன் போட்டேன். "பிரேக் போடு, ஷாக் போடு, அதோட கையைக் கட்டிக்க. உயரத்தைத் தொடாதே, சக்கரத்தைத் தொடாதே, உக்கடம் பக்கமே போகாதே. ஒன்னரை லட்சத்தையும் ஏழு வருஷத்தையும் நான் உனக்காகச் செலவு பண்ணிட்டேன்னு நினைச்சுக்க" என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "சரி மாப்ளே, அப்படின்னா உனக்கு எதுக்கு அந்த அலாய்? பாதி விலைக்கு நான் எடுத்துக்கறேன்."

அது விலைக்கு இல்லை என்று போனை வைத்துவிட்டுக் கீழே போய்க் காற்று பார்த்தேன். முன்பக்கம் இடதில் இரண்டு பவுண்டு குறைந்திருந்தது.