கடற்காற்றா, தரைக்காற்றா, பக்கக்காற்றா: எதில் பாசித் தொல்லை குறைவு?

கரையிலிருந்து தூண்டில் எறியும்போது நரம்பில் (தூண்டில் நூலில்) சிக்கித் தொல்லை தரும் பாசியைப் பாறையிலிருந்து பிய்ப்பது அலை. காற்று அதை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. அதனால் இன்றைய காற்றோடு, முந்தைய இரண்டு மூன்று நாள் கடல் எப்படிக் கிடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

கரையை நோக்கி நேராக வீசும் கடற்காற்றுதான் மோசம். மிதக்கும் பாசியெல்லாம் அலை உடையும் இடத்துக்கு வந்து, அங்கேயே புரளும். காற்று நின்றாலும் அலை தணியும்வரை விலகாது. ஆனால் கலங்கிய நீரில் இரை தேடி மீன் கரைக்கு நெருங்குவதும் அப்போதுதான். பாசி கொஞ்சமாக இருந்தால் ராடை (தூண்டில் கோலை) உயரமாக நிறுத்தி, நரம்பு முதல் அலைகளுக்கு மேலே போகும்படி வையுங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நரம்பும் லீடரும் (அதன் முனையில் கட்டும் தடித்த நரம்புத் துண்டு) சேரும் முடிச்சில் பாசி உருண்டையாகத் திரண்டால் ராடின் நுனி வளையத்தில் அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில் வேகமாகச் சுற்றினால் நரம்பு அறும். கையால் உருவி எடுத்த பிறகே சுற்ற வேண்டும்.

தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் மேல்மட்டம் சுத்தமாகும், எறிதூரமும் கூடும். இந்தத் தெளிவை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மேல்நீர் வெளியே தள்ளப்படும்போது அடிநீர் கரைப்பக்கம் வரும்; கனத்துப்போய் அடியில் அமர்ந்த பாசி பள்ளங்களிலேயே தங்கிவிடும். நரம்பு சுத்தமாக வந்து, முள்ளிலும் ஈயக் குண்டிலும் மட்டும் பாசி இருந்தால் இதுதான் காரணம். முள்ளருகே சிறு மிதவை மணி கோத்து இரையைத் தரையிலிருந்து தூக்குங்கள்.

கரையை ஒட்டிப் பக்கவாட்டில் வீசும் பக்கக்காற்றை யாரும் விரும்புவதில்லை. திறந்த கடற்கரையில் அது நியாயம்: கரையோர நீரோட்டம் நரம்பை வில்லாக வளைத்து, வழியிலுள்ள பாசியை எல்லாம் அதில் மாட்டிவிடும், ஈயமும் நகரும். ஆனால் கல் தடுப்போ பாறை முனையோ இருந்தால் கணக்கே வேறு. காற்று வரும் பக்கம் பாசி குவியும். மறுபக்கம் பெரும்பாலும் சுத்தம். அலை பெரிதாக இருக்கும் நாளில் மூன்று காற்றிலும் இந்த மறைவிடத்தையே முதலில் தேடலாம்.

எந்தக் காற்றானாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கில் கவனம் வேண்டும். கரையில் ஒதுங்கிய பாசிக் குவியலை உயர் ஏற்றம் மறுபடி மிதக்கவிடும். உச்சத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தை விட்டு, நீர் குவியலைத் தொடாத, ஏற்ற இறக்கத்தின் தாழ்ந்த பாதியில் எறியுங்கள்.