‘கேன் அலுமினியம்’ கியர் கேஸ்: அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் படகின் பின்பக்கம் அவுட்போர்டு எஞ்சின் மாட்டி மீன்பிடித் தொழில் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ராமநாதபுரம், கன்னியாகுமரிக்காரர்களும்தான். அங்கேயும் சரக்கு போகிறது என்று எங்களுக்கு ஸ்பேர் விற்ற கடைக்காரரே பெருமையாகச் சொன்னார். ‘பழைய கூல்டிரிங்ஸ் கேன், பீர் டின் உருக்கிச் செய்த அலுமினியம், அமெரிக்க மோட்டாருக்கே இதுதான்’ என்று சொல்லி எங்களுக்கு விற்ற கியர் கேஸ் (எஞ்சினின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும், கியரும் பேரிங்கும் உட்காரும் கூடு) ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. உலோகத்தைச் சோதனைக்கு அனுப்பினோம். அது கேனே இல்லை.

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில்தான் எங்களைப் போன்ற சின்னப் படகுக்காரர்களின் மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை விழும். அந்த நேரம் பார்த்து அண்ணனின் படகு கடலடிப் பாறையில் உரசி, எஞ்சினின் கியர் கேஸ் விரிசல் விட்டுவிட்டது. பேரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் என்பதால் வெல்டிங் நிற்காது என்று மெக்கானிக் கையை விரித்தார். ஒரிஜினல் ஸ்பேர் வரக் காத்திருக்க வேண்டும், விலையும் கண்ணைக் கட்டியது.

அப்போதுதான் ஒரு ஸ்பேர் கடையைப் பற்றித் தெரிய வந்தது. ஒரிஜினல் விலையில் பாதிக்கும் குறைவு. பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். கடைக்காரர் தன் போனில் ஒரு அமெரிக்கத் தொழிற்சாலை வீடியோவை ஓட்டிக் காட்டினார். “பாருங்க அண்ணாச்சி, கேனைக் கொட்டி உருக்கி மோட்டார் ஊத்துறான். நம்ம சரக்கும் அதே மெட்டல்தான். துரு பிடிக்கவே பிடிக்காது.”

இதில் பாதி உண்மை, அதுதான் வம்பே. விஸ்கான்சின் மாநிலம் ஃபாண்ட் டு லாக் நகரில் இருக்கும் மெர்குரி மரைன் நிறுவனம் அவுட்போர்டு வார்ப்புகளுக்கு (உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்யும் பாகங்கள்) பெருமளவு மறுசுழற்சி அலுமினியத்தைத்தான் உருக்குகிறது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் மின்சக்தியில் சுமார் 5 சதவீதம் இருந்தால் பழையதை உருக்கிவிடலாம். எத்தனை முறை உருக்கினாலும் அலுமினியம் அலுமினியமாகவே இருக்கும். ஆனால் கடலுக்குப் போகும் வார்ப்பில் செம்பு மிகக் குறைவாக இருக்கும்படி கலவையைச் சரிபார்த்துத்தான் அவர்கள் ஊற்றுகிறார்கள். வீடியோவில் உருக்குவது தெரியும், சரிபார்ப்பது தெரியாது.

மாட்டிய சில வாரத்திலேயே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிந்து அதைக் காப்பாற்றும் ஜிங்க் கட்டி புதிதாகப் போட்டிருந்தோம், அது வேலை செய்ய வேண்டுமே என்று அதன் மேல் பெயிண்டும் படவிடவில்லை. அடுத்து கியர் ஆயில். திறந்து பார்த்தால் பால் விட்ட காபி மாதிரி இருந்தது. உள்ளே கடல் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். சீல் போயிருக்கும் என்று சீலை மாற்றினோம், மறுபடியும் அதே காபி. கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, வலை இழுத்துவிட்டுத் திரும்பும்போது பேரிங் இறுகி கியர் பல் உடைந்தது. பக்கத்து ஊர் படகு ஒன்று கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. அன்றைக்கு மீன் வாங்க வந்த வியாபாரிகள் கிளம்பிய பிறகுதான் நாங்கள் கரை சேர்ந்தோம், நல்ல சீலா பாதி விலைக்குப் போனது.

மெக்கானிக் கியர் கேஸைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, உள்ளே காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். சீல் பக்கம் ஒரு குமிழும் வரவில்லை. சுவரிலிருந்தே, அதுவும் மூன்று நான்கு இடத்தில் பொடிப் பொடியாகக் குமிழ் வந்தது. பெயிண்டை உரித்தால் ஊசித் துளைகள், அவற்றை அடைக்கப் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். காருக்கு டிங்கரிங் செய்யும்போது பூசுகிற அதே பட்டி. ஈரமும் அழுக்கும் உள்ள பழைய சாமானை அப்படியே உலையில் போட்டால் உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், இறுகும்போது அந்த வாயு இப்படித் துளையாக நின்றுவிடும்.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: “கடல் தண்ணியில ஓட்டினா அப்படித்தான் ஆகும் அண்ணாச்சி.” படகு எஞ்சினை வேறு எந்தத் தண்ணீரில் ஓட்டுவது என்று அண்ணன் கேட்டார். அதற்குப் பதில் இல்லை. அதற்கப்புறம் போனையும் எடுக்கவில்லை.

சரி, இதை விடக்கூடாது என்று உடைந்த துண்டைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். அங்கே வார்ப்பாலைகள் நிறைய, ‘ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்’ என்று கேட்டால் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று தாளில் அடித்துக் கொடுப்பார்கள். ரிப்போர்ட்டில் செம்பு மட்டும் 3 சதவீதத்துக்கு மேல். துத்தநாகமும் இரும்பும் கூடவே இருந்தன.

இதை வைத்தே பொய்யைப் பிடிக்கலாம். கேனின் உடம்பு 3004 அல்லது 3104 என்ற கலவை, சுமார் 1 சதவீதம் மாங்கனீசும் அதே அளவு மக்னீசியமும் இருக்கும். மூடி 5182, அதில் மக்னீசியம் 4 முதல் 5 சதவீதம். இரண்டிலுமே செம்பு கால் சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அப்புறம் இந்த 3 சதவீதம் எங்கிருந்து வந்தது? பழைய கார், பைக் எஞ்சின் வார்ப்புகளை உருக்கினால் வரும். அந்தக் கலவைகளில் செம்பு வேண்டுமென்றே சேர்ப்பார்கள், வலுவுக்கு நல்லது, ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பிரச்சினை இல்லை. கடலில் கதை வேறு. உப்புத் தண்ணீர் பட்டதும் செம்பு அதிகமுள்ள பொடித் துகள்களும் சுற்றியுள்ள அலுமினியமும் சேர்ந்து குட்டி பேட்டரி ஆகிவிடும், அதில் கரைவது அலுமினியம்தான். வெளியே எத்தனை ஜிங்க் மாட்டினாலும் உள்ளுக்குள் நடக்கும் இந்த அரிப்பை முழுதாக நிறுத்த முடியாது.

வேடிக்கை என்னவென்றால், வெறும் கேனை உருக்கி ஊற்றியிருந்தாலும் நல்ல கியர் கேஸ் வந்திருக்காது. கேனில் சிலிக்கான் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த மாதிரி வார்ப்புக்கு 7 சதவீதமாவது வேண்டும், இல்லாவிட்டால் உருகிய உலோகம் அச்சின் மெல்லிய சந்துகளுக்குள் ஓடாது, இறுகும்போது கிழியும். அதாவது கேனைச் சுத்தம் செய்து, உருக்கி, சிலிக்கான் சேர்த்து, சோதித்து, அதன் பிறகுதான் ஊற்ற முடியும். ‘கேன் உருக்கினது’ என்று மட்டும் சொல்லி ஒருவர் விற்கிறார் என்றால் ஒன்று அவருக்கு வார்ப்பு தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

வேறு வழியில்லாமல் டூப்ளிகேட் பாகம் வாங்கத்தான் வேண்டும் என்றால் கலவையின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் பில்லில் ‘ஸ்பேர் 1’ என்று மட்டும் இருந்தது. எந்த உலையில், எந்த வார்ப்பில் வந்தது என்ற நம்பரோடு சோதனைத் தாள் உண்டா என்று கேளுங்கள். பாகத்தின் உட்பக்கம் பெயிண்ட் படாத இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஊசித் துளைகள் அங்கேதான் காட்டிக் கொடுக்கும். எஞ்சினில் மாட்டும் முன்பே மெக்கானிக்கிடம் சொல்லிக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், நல்ல அலுமினியமும் ஒட்டாது, கெட்டதும் ஒட்டாது.

இன்னொரு விஷயம். “நீங்க தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டுல நிக்காது” என்று கடைக்காரர் மிரட்டினார். அது தப்பு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிய பொருள் என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம், தமிழிலேயே பேசலாம். உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

நாங்கள் மனு போட்டாயிற்று. சோதனைத் தாள், பில், காற்றடித்த அன்று மெக்கானிக் எடுத்த வீடியோ எல்லாம் சேர்த்திருக்கிறோம். போன வாரம் கடைக்காரர் ஆள் விட்டு, பாதிப் பணம் தருகிறேன், மனுவை வாபஸ் வாங்கச் சொல் என்று கேட்டிருக்கிறார். முழுப் பணமும் உடைந்த கியர் செட்டின் விலையும் வேண்டும், அதோடு மீதமிருக்கும் சரக்கை விற்க மாட்டேன் என்று எழுதியும் தர வேண்டும் என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார்.